டிஜிட்டல் ரூபாய்: கையிலுள்ள நோட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?



"ரிசர்வ் வங்கியே டிஜிட்டல் ரூபாய் விட்டிருக்கிறதாமே, கூகுள் பே இருக்கும்போது இது எதற்கு? வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?" இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் பதில்களோ இரண்டு வகைதான். ஒன்று, நாடு முன்னேறிவிட்டது என்ற விளம்பரம். இன்னொன்று, இது தஜ்ஜாலின் பணம், நோட்டெல்லாம் நாளையே செல்லாமல் போகப்போகிறது என்ற பயமுறுத்தல். தஜ்ஜாலை இழுக்காமலேயே நிதானமாகப் பேச வேண்டிய செய்திகள் இதில் நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கிறோம்.

இது என்ன பணம்?

உங்கள் பையிலுள்ள 100 ரூபாய் நோட்டு ரிசர்வ் வங்கி உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி. வங்கிக் கணக்கிலுள்ள 100 ரூபாய் அப்படியல்ல. அது அந்த வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடன். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எல்லாம் அந்தக் கடனை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடவிடும் வாய்க்கால்கள். வாய்க்காலுக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது.

டிஜிட்டல் ரூபாய் என்பது அந்த 100 ரூபாய் நோட்டையே காகிதம் இல்லாமல் போனுக்குள் கொண்டுவந்து வைப்பது. கொடுப்பது ரிசர்வ் வங்கி. வங்கிகள் தங்கள் ஆப் வழியாக அதை நம்மிடம் சேர்க்கின்றன. 10, 50, 100, 500 என்று நோட்டுகளின் அதே மதிப்புகளில் அது வாலட்டில் இருக்கும். வங்கி நாளை திவாலானாலும் வாலட்டிலுள்ள ரூபாய்க்கு ரிசர்வ் வங்கிதான் பொறுப்பு. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, 'பேங்க் நோட்' என்ற சொல்லுக்குள் டிஜிட்டல் வடிவத்தையும் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மும்பை, புதுடெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய 4 நகரங்களில் பொதுமக்களுக்கான சோதனை தொடங்கியது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் தீர்த்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'இ-ருபி' வேறு. அது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் செல்லும் வவுச்சர். இங்கே பேசுவது 'இ-ரூபாய்'. வவுச்சரைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

எவ்வளவு புழங்குகிறது? 2025 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 1,000 கோடி ரூபாய் மதிப்புக்கு டிஜிட்டல் ரூபாய் இருந்தது. அதே நாளில் புழக்கத்தில் இருந்த காகித நோட்டுகளின் மதிப்பு 36 லட்சம் கோடிக்கு மேல். ஆகவே நோட்டு நாளை மறையப்போவதில்லை. தாளுக்குத் துணையாகத்தான் இது, மாற்றாக அல்ல என்று 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துக் குறிப்பிலும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

நன்மைகளை மறைக்கக் கூடாது

இதில் நமக்குப் பிடித்தமான ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் ரூபாய்க்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்கில் வந்து விழும் வட்டியை என்ன செய்வது என்று மஸ்அலா கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. கள்ளநோட்டு, கிழிந்த நோட்டு என்ற தொல்லையும் இல்லை. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் செலவும் நாளும் குறைய வாய்ப்பு உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியும் அமீரக மத்திய வங்கியும் தங்கள் டிஜிட்டல் நாணயங்களை இணைத்துப் பார்க்க 2023 மார்ச்சில் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. துபாயிலோ அபுதாபியிலோ பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். ஜகாத்தைப் பொறுத்தவரை, இதுவும் கையிருப்புப் பணம்தான். நிஸாபுக் கணக்கில் சேரும், ஆண்டு நிறைந்தால் இரண்டரை சதவீதம் உண்டு.

அப்படியானால் கவலை எங்கே? நோட்டு நமக்கு மூன்று காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. நீ யார் என்று அது கேட்பதில்லை. எதற்குச் செலவழிக்கிறாய் என்று கேட்பதில்லை. தூரத்தில் இருக்கும் ஒருவர் அதைப் பூட்டிவிட முடியாது. டிஜிட்டல் நாணயத்தில் இந்த மூன்றும் இருக்குமா இல்லையா என்பது அதை அமைப்பவர்கள் எடுக்கும் முடிவையும், அந்த முடிவைக் கட்டிப்போடும் சட்டத்தையும் பொறுத்தது. நாணயத்தை மாற்றும் சட்டத் திருத்தம் நம் நாட்டில் வந்துவிட்டது. நாணயம் வைத்திருப்பவரைக் காக்கும் சட்டம் வரவில்லை. கவலை அங்கேதான்.

யாருக்குக் கொடுத்தாய்?

மறைவாகக் கொடுக்கும் தர்மத்துக்கு நம் மார்க்கத்தில் உள்ள இடம் எல்லோருக்கும் தெரியும். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்ற கருத்தை அல்பகரா 271ஆம் வசனத்தில் பார்க்கிறோம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாதபடி கொடுத்தவர் அர்ஷின் நிழல் பெறும் 7 வகையினரில் ஒருவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் சிறு பிள்ளைகளுக்கும் பாடம். ஏன் மறைவு? கொடுப்பவரிடம் பெருமை வராமலிருக்க. வாங்குபவரின் மானம் போகாமலிருக்க. தெருவில் கௌரவமாக வாழும் ஒரு குடும்பம் இந்த மாதம் அரிசிக்குக் கஷ்டப்பட்டது என்பது யாருடைய ஏட்டிலும் பதிவாக வேண்டியதில்லை.

பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற தடையும் நமக்கு உண்டு (அல்ஹுஜுராத் 12ஆம் வசனம்). அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தத் தடை என்று யாரும் சொல்லவில்லை.

டிஜிட்டல் ரூபாயில் சிறு தொகைகளுக்கு ஓரளவு அடையாளம் மறைந்திருக்கும் என்கிறது ரிசர்வ் வங்கி. காய்கறி வாங்கியதைக்கூட வரிசையாகக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்டைவிட அது மேல்தான். ஆனால் வாலட்டைத் திறக்கவே வங்கியில் பதிந்த மொபைல் எண் வேண்டும். எவ்வளவு தொகை வரை மறைவு, யார் கேட்டால் அது விலகும், நீதிமன்ற உத்தரவு வேண்டுமா, ஒரு அதிகாரியின் கடிதம் போதுமா? இவற்றுக்கெல்லாம் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில் தனி விதி எதுவும் இல்லை.

சீனா தன் இ-யுவானைப் பற்றிப் பேசும்போது 'கட்டுப்படுத்தக்கூடிய அநாமதேயம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. கடைக்காரருக்கு உங்களைத் தெரியாது, மத்திய வங்கி நினைத்தால் தெரிந்துகொள்ளலாம் என்று பொருள். அதே நாட்டின் ஷின்ஜியாங் பகுதியில், உய்கூர் முஸ்லிம்களைக் கண்காணிக்கப் போலீஸார் பயன்படுத்திய ஆப் ஒன்றை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. விசாரிக்கப்பட வேண்டியவர்கள் என்று அந்த ஆப் பட்டியலிட்டிருந்த வகைகளில், பள்ளிவாசலுக்கு ஆர்வத்தோடு பணமோ பொருளோ திரட்டியவர்களும் உண்டு. மின்சாரம் வழக்கத்துக்கு அதிகமாகச் செலவானாலும் அது சந்தேகக் குறி. இ-யுவான் அந்தக் கண்காணிப்போடு இணைக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பள்ளிவாசலுக்குக் கொடுத்த காசை ஒரு அரசு குற்றக் குறியாக எண்ணக்கூடும் என்பது நடந்த செய்தி. கொடுக்கல் வாங்கல் ஏடு முழுவதும் ஒரே இடத்தில் தயாராகக் கிடந்தால், அப்படி எண்ணும் அரசுக்கு வேலை எவ்வளவு சுலபம் என்பதை மட்டும் யோசியுங்கள்.

நம் நாட்டில் நிலை அப்படியில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கொரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. நமக்குப் பெரிய அரண் இது. ஆனால் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கே அதிகாரம் தந்திருக்கிறது. அரணில் ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது.

எதற்குச் செலவழிக்கலாம்?

2020 அக்டோபரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் குலுக்கல் முறையில் 50,000 பேருக்குத் தலா 200 யுவான் டிஜிட்டல் பணம் இலவசமாகக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட பகுதியின் கடைகளில்தான் செலவழிக்கலாம். அந்த மாதம் 18ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் பணம் போய்விடும். காலாவதித் தேதி போட்ட பணம்! இலவசமாக வந்ததால் யாரும் முறையிடவில்லை.

இதற்கு 'புரோகிராமபிள் பணம்' என்று பெயர். யார், எங்கே, எதற்கு, எப்போதுக்குள் என்று பணத்துக்குள்ளேயே நிபந்தனை எழுதிவைப்பது. டிஜிட்டல் ரூபாயிலும் இந்த வசதியைக் கொண்டுவருவதாக ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தது. குறிப்பிட்ட நலத்திட்டப் பணம் அந்தக் காரியத்துக்கே போய்ச் சேரும், நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் பயணப்படி பயணத்துக்கே செலவாகும் என்பது சொல்லப்படும் காரணம். முன்பு சொன்ன இ-ருபி வவுச்சரும் இதே யோசனைதான். இடைத்தரகர் வாயில் போகும் பணத்தைத் தடுக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கசப்பு எங்கே என்பது நம் ஃபிக்ஹ் நூல்களைப் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஜகாத் கொடுப்பதில் 'தம்லீக்' என்றொரு விதி உண்டு. கொடுத்த பொருள் வாங்கியவரின் முழு உடைமை ஆகிவிட வேண்டும். ஹனஃபி சட்டத்தில் ஏழையை வீட்டுக்கு அழைத்து வயிறாரச் சாப்பிட வைத்தாலும், உணவை அவர் கையில் உடைமையாகக் கொடுக்காதவரை ஜகாத் நிறைவேறாது என்பார்கள். ஷாஃபிஈ சட்டத்திலும் உடைமையாக்குதல் வேண்டும். இதன் பின்னால் ஏழையைப் பற்றிய ஒரு பார்வை இருக்கிறது. கொடுத்த பிறகு அது அவருடைய பணம். மருந்து வாங்குவாரோ, மகளுக்குக் கொலுசு வாங்குவாரோ, பழைய கடனை அடைப்பாரோ, கொடுத்தவர் கேட்க முடியாது. தன் வீட்டின் அவசரம் எது என்று ஏழைக்குத் தெரியும் என்று ஷரீஅத் நம்புகிறது.

அரிசிக் கடையில் மட்டும் செல்லும், மாத இறுதியில் மறையும் 1,000 ரூபாயை ஒரு விதவைத் தாயின் வாலட்டில் போட்டால் அது அவருடைய பணமா? அன்றிரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் அது செல்லாது. அப்படி நிபந்தனை போட்ட பணத்தில் ஜகாத் நிறைவேறுமா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய கேள்வி. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஜகாத்துக்கு வெளியேயும் இந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. ஓய்வூதியம், உதவித்தொகை, நிவாரணம் எல்லாம் இப்படி நிபந்தனை போட்ட பணமாக வரத் தொடங்கினால், வசதியுள்ளவர் கையில் சுதந்திரமான பணமும் ஏழை கையில் கயிறு கட்டிய பணமுமாக நாட்டில் இரண்டு வகைப் பணம் உண்டாகும். இன்று நிபந்தனை அரிசியைப் பற்றியது. நாளை அது எந்த இறைச்சி, எந்தப் புத்தகம், எந்த ஊர் என்று போகாமலிருக்கச் சட்டத்தில் என்ன தடை இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

யார் பூட்டலாம்?

இதற்கு டிஜிட்டல் ரூபாய் வரை போக வேண்டியதில்லை. வங்கிக் கணக்கிலேயே நாம் பார்த்துவிட்டோம்.

சைபர் மோசடிக்காரன் வடக்கே ஒருவரிடம் பணம் பறிக்கிறான். அது பத்துக் கணக்குகள் தாண்டி, கடைசியில் யாரோ ஒருவர் இங்கே ஒரு பிரியாணிக் கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 300 ரூபாயாகச் செலவாகிறது. புகார் வந்ததும் அந்த மாநிலப் போலீஸார் பணம் போன வழியெல்லாம் வங்கிகளுக்குத் தகவல் அனுப்புகிறார்கள். கடைக்காரரின் கணக்கு முழுவதும் முடங்குகிறது. 300 ரூபாய்க்காக அவருடைய மொத்தப் பணமும் சிக்கிக்கொள்கிறது. 2023இல் கேரளத்தில் ஏராளமான சிறு வியாபாரிகள் இப்படித் தவித்தார்கள். நம் பக்கமும் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் இத்தகைய வழக்கொன்றில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கைத் திறந்துவிட உத்தரவிட்டது. காரணமும் கால வரையறையும் இல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது பிழைக்கும் உரிமையையே பாதிக்கிறது என்பது நீதிமன்றத்தின் கவலை.

மோசடிப் பணத்தைத் தடுக்க வேண்டும்தான். நைஜீரியாவில் நடந்தது வேறு ரகம். 2020 அக்டோபரில் அங்கே போலீஸ் அத்துமீறலை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே, போராட்டத்தோடு தொடர்புடைய 20 வங்கிக் கணக்குகளை முடக்க மத்திய வங்கி நீதிமன்ற உத்தரவு பெற்றது. கனடாவில் 2022 பிப்ரவரியில் லாரி ஓட்டுநர் போராட்டத்தின்போது, நீதிமன்ற உத்தரவே இல்லாமல் போராட்டக்காரர்களின் கணக்குகள் அவசரச் சட்டத்தின் பேரில் முடக்கப்பட்டன. அது சட்டத்துக்குப் பொருந்தாத செயல் என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. தீர்ப்பு வர ஏறக்குறைய 2 ஆண்டுகள். அந்த ஓட்டுநர்களின் கோரிக்கை நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பூட்டு எல்லோர் வீட்டுக் கதவுக்கும் பொருந்தும் பூட்டு.

இத்தனையும் சாதாரண வங்கிக் கணக்கில் நடந்தவை. அங்கே வங்கிகள் பல, ஒவ்வொன்றுக்கும் தகவல் அனுப்ப வேண்டும். கையில் நோட்டும் இருக்கும். நாணயமே ஒரே மத்திய அமைப்பின் ஏட்டில் இருந்து, நோட்டும் அருகிப் போனால், தப்பிக்க வேறு வழி இருக்காது.

நோட்டு இல்லாத நாடு எப்படி இருக்கும்?

இதையும் நைஜீரியா காட்டிவிட்டது. 2021 அக்டோபர் 25 அன்று 'இ-நைரா' என்ற டிஜிட்டல் நாணயத்தை ஆப்பிரிக்காவில் முதலாவதாகத் தொடங்கிய நாடு அது. மக்கள் அதைத் தொடவில்லை. ஓராண்டு கழித்துப் பன்னாட்டு நிதியம் பார்த்தபோது, ஒரு சராசரி வாரத்தில் 98.5 சதவீத வாலட்டுகள் சும்மா கிடந்தன.

பிறகு வந்தது நோட்டு மாற்றம். 200, 500, 1,000 நைரா நோட்டுகளைப் புதிதாக அச்சடிப்பதாக 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். பழையவை 2023 ஜனவரி 31க்குப் பிறகு செல்லாது, பின்னர் பிப்ரவரி 10 வரை நீட்டிப்பு. கூடவே ரொக்கம் எடுக்க உச்சவரம்பு. கார்டு, ஆப், இ-நைரா ஆகியவற்றுக்கு மாறும்படி வாடிக்கையாளர்களைத் தூண்டுங்கள் என்று வங்கிகளுக்கு மத்திய வங்கியின் சுற்றறிக்கை. புதிய நோட்டுகளோ போதிய அளவு வரவில்லை. மக்கள் ஏடிஎம் வாசலில் இரவு பகலாக நின்றார்கள். தங்கள் சொந்தப் பணத்தையே ஏஜெண்டுகளிடம் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்புக்குப் போனதால் பணப்பரிமாற்றம் திணறியது. சந்தையில் தக்காளி அழுகியது, வாங்குபவர் கையில் நோட்டில்லை. பிப்ரவரியில் சில நகரங்களில் வங்கிக் கிளைகள் தாக்கப்பட்டன.

வழக்குப் போட்டவை கடுனா, கோகி, ஜம்ஃபாரா என்ற 3 மாநில அரசுகள். கடுனாவிலும் ஜம்ஃபாராவிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மை. விவசாயிகளும் மாடு மேய்ப்பவர்களும் சிறு வியாபாரிகளும் நிறைந்த, வங்கிக் கிளைகள் குறைந்த பகுதிகள். மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம், பழைய நோட்டுகள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒட்டிப்போயிருந்த நாடு மூச்சு விட்டது.

2016 நவம்பர் 8 இரவைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது. பிறகு தெருத்தெருவாக வரிசை. நிக்காஹ் வீடுகளும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் பட்ட பாடு நினைவிருக்கும். அந்த நாட்களில் நம் வீடுகளில் வெளிவராத இன்னொரு துயரமும் இருந்தது. அது பெண்களின் கைக்காசு.

சேலை மடிப்பிலும் அரிசி டப்பாவிலும் இருந்த பணம்

உம்மாமார்களும் மாமிமார்களும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம், தையல் கூலி, பெருநாள் காசு, சீட்டுப் பணம். ஆபத்துக்கு உதவும் என்று வைத்தது. 2016இல் அதையெல்லாம் ஆண்களிடம் எடுத்துக் கொடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பல வீடுகளில் அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

மனைவியின் மஹரும் சம்பாத்தியமும் அவளுடைய தனி உடைமை. கணவனுக்கு அதில் கேட்காமல் கை வைக்க உரிமையில்லை. இது நம் சட்டம். நடைமுறையில் அந்த உரிமையைக் காப்பாற்றியது பெரும்பாலும் அரிசி டப்பாதான் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டிஜிட்டல் பணம் போனில் இருக்கிறது. போன் யாருடையது? சிம் யார் பெயரில்? பின் நம்பர் யாருக்குத் தெரியும்? மகன் கையில் கொடுத்து "கொஞ்சம் அனுப்பிக் கொடுடா" என்று சொல்லும் தாய்க்குத் தன் பணத்தின் மேல் எவ்வளவு ஆட்சி மிஞ்சும்? டிஜிட்டல் நாணயத்தின் ஆபத்து என்றதும் அரசாங்கத்தை மட்டும் பேசுகிறோம். வீட்டுக்குள்ளும் ஒரு மத்திய வங்கி உட்கார்ந்திருக்கிறது!

ஆகவே பெண்பிள்ளைகளுக்குத் தனி சிம், தனிக் கணக்கு, தாமே போடத் தெரிந்த பின் நம்பர் இவற்றை இப்போதே பழக்குங்கள். கொஞ்சம் நோட்டும் கையில் இருக்கட்டும்.

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

பிற நாடுகள் சில வழி காட்டியிருக்கின்றன. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் முன்வைத்த டிஜிட்டல் யூரோ சட்ட வரைவிலேயே, அது நிபந்தனை போட்ட பணமாக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அதே நாளில் ரொக்கத்தைக் கடைகள் மறுக்கக் கூடாது என்பதற்கும் ஒரு வரைவு வந்தது. ஸ்லோவாக்கியா 2023இலும் ஹங்கேரி 2025இலும் ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டன.

நாமும் நம் பாராளுமன்ற உறுப்பினரிடம் இவற்றைக் கேட்கலாம். நோட்டை எந்த அரசு அலுவலகமும் ஆஸ்பத்திரியும் மறுக்கக் கூடாது என்று சட்டம் வருமா? எந்தத் தொகை வரை டிஜிட்டல் ரூபாயில் பெயர் மறைந்திருக்கும் என்பதை ரிசர்வ் வங்கியின் குறிப்பில் விடாமல் சட்டத்தில் எழுதுவார்களா? வாலட்டை முடக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று ஆக்குவார்களா? ஜமாஅத் சார்பில் ஒரு மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கையல்ல. மீனவர் சங்கமும் வணிகர் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போடக்கூடியது.

கணக்கில் காட்ட வேண்டிய பணத்தை மறைக்க இந்தப் பாடத்தை யாரும் சாக்காக்க வேண்டாம். வரி வேறு, அந்தரங்கம் வேறு. அறக்கட்டளைகள் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். உதவி பெறுபவரின் பெயரை ஊரறியச் செய்யாமலும் அந்தக் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்க முடியும்.

டிஜிட்டல் ரூபாய் ஆப் வேண்டுமென்றால் ஏற்றிக்கொள்ளுங்கள், ஹராம் என்று அஞ்ச வேண்டாம். எல்லாப் பணத்தையும் ஒரே போனில், ஒரே வங்கியில் வைக்காதீர்கள். கடை வைத்திருப்பவர்கள் வியாபாரக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்து வையுங்கள். ஒன்று முடங்கினாலும் அடுப்பு எரியும்.

கணக்கு முடங்கிவிட்டால் பதறி, "திறந்து தருகிறேன்" என்று போனில் காசு கேட்பவனிடம் ஏமாறாதீர்கள். வங்கிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்குப் பில் அல்லது குறிப்பு இருந்தால் நகலெடுத்து, அந்தக் காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கைப்பற்றியதைப் போலீஸார் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சந்தேகத் தொகை நீங்கலாக மீதியைத் திறக்கும்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. உங்கள் பணமே மோசடியில் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.